வெறும் வயிறும் விடியற்கால ஓட்டமும்

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் காலை ஐந்து மணிக்கெல்லாம் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். பெரும்பாலும் காவலர் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். நான் ஓரமாக நின்று ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் சொல்கிறவன். சாப்பாட்டு விஷயத்தில் இந்தப் பிள்ளைகள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். வெறும் வயிற்றில் ஓடினால்தான் கொழுப்பு கரையும் என்பது ஒரு கட்சி. நாலு பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டு வந்து நிற்பது இன்னொரு கட்சி.

போன சித்திரையில் முதல் கட்சிக்காரப் பையன் ஒருவன் பயிற்சியின் கடைசியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான். உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்திருந்தது. "ராத்திரியும் சாப்பிடலண்ணே, வெயிட்ட குறைக்கணும்ல" என்றான். சர்க்கரை கரைத்த தண்ணீரும் ஒரு பூவன் பழமும் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டான். ஆனால் அதே வாரத்தில் சளியும் காய்ச்சலும் வந்து படுத்தான். வெறும் வயிற்றோடு ஓடியதுதான் காரணம் என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மயக்கம் எனக்குப் புரிந்தது. சளிக்கும் சாப்பாட்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்ற கேள்விதான் என்னை விடவில்லை. அதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் கையிருப்புக் கணக்கு. நாம் சாப்பிடுகிற சோறு சர்க்கரையாக மாறி, மிஞ்சியது கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் இரண்டு இடங்களில் சேர்கிறது. தசைகளில் சுமார் 300 முதல் 500 கிராம், கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம். தசையில் இருப்பது அவரவர் வீட்டுக்குள் இருக்கும் பத்தாயம் மாதிரி. அந்தத் தசை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம், பக்கத்துத் தசைக்குக்கூடக் கொடுக்க முடியாது. கல்லீரலில் இருப்பது ஊர்ப் பொதுக்குதிர். அதிலிருந்துதான் ரத்தத்துக்குச் சர்க்கரை போகிறது, மூளை அதை நம்பித்தான் இருக்கிறது.

தசையின் கையிருப்பு தனித்தனி என்பதைக் காட்டியவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மேன் என்ற இரண்டு மருத்துவர்கள். 1966இல் வெளிவந்த அந்தச் சோதனைக்கு அவர்கள் தங்கள் உடம்பையே கொடுத்தார்கள். ஒரே சைக்கிளில் ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்கள், மற்றக் காலுக்கு ஓய்வு. பிறகு ஊசியால் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கையிருப்பு ஏறக்குறையக் காலி, ஓய்ந்திருந்த காலில் அப்படியே இருந்தது. அடுத்த மூன்று நாள் மாவுச்சத்து நிறைய சாப்பிட்டபோது, உழைத்த கால் மற்றக் காலைப்போல இரண்டு மடங்கு சேர்த்து வைத்துக்கொண்டது. உழைத்த தசைதான் நெல்லை அளந்து வாங்குகிறது. வயலில் உழைக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டவர் காலை ஐந்து மணிக்கு எழுந்தால் என்ன நடந்திருக்கும்? மூளை மணிக்குச் சுமார் 5 கிராம் சர்க்கரை செலவழிக்கிறது. எட்டு மணி நேரத்தில் 40 கிராம். மற்ற உறுப்புகளுக்கும் சேர்த்துப் பார்த்தால் பொதுக்குதிர் பாதிக்குமேல் இறங்கியிருக்கும். தசைகளோ தூங்கிக்கொண்டிருந்ததால் அவற்றின் பத்தாயம் அப்படியே இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டவனுக்குக் குதிரின் அடிமண் தெரிய ஆரம்பித்திருக்கும்.

இப்போது 1500 மீட்டருக்கு எவ்வளவு தேவை என்று பாருங்கள். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ள பையனுக்கு 90 கலோரி. முழுக்கச் சர்க்கரையை மட்டும் எரித்தாலும் 25 கிராமுக்குள் முடிந்துவிடும். ஆக, அந்த ஏழு நிமிடத்துக்காகக் காலையில் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் எங்கள் மைதானத்தில் யாரும் ஏழு நிமிடத்தோடு வீட்டுக்குப் போவதில்லை. ஓட்டம், கயிறு, தாண்டுதல், மறுபடி ஓட்டம் என்று ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். அந்தப் பையன் விழுந்தது ஏழாவது நிமிடத்தில் இல்லை, எண்பதாவது நிமிடத்தில்.

கொழுப்பு கரைகிற கதைக்கு வருவோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. சோறோ இட்லியோ சாப்பிட்டால் இன்சுலின் ஏறுகிறது. இன்சுலின் இருக்கிறவரை கொழுப்புத் திசு தன் கதவைச் சாத்தி வைத்துக்கொள்ளும், தசை சர்க்கரையையே எரிக்கும். வெறும் வயிற்றில் இன்சுலின் தாழ்ந்திருப்பதால் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் இறங்கி எரிகின்றன. அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் அளந்தால் வெறும் வயிறுதான் ஜெயிக்கும். ஆனால் உடம்பு கணக்கை அந்த ஒரு மணியோடு மூடுவதில்லை. காலையில் கொழுப்பைக் கூடுதலாக எரித்தவர் பகலில் குறைவாக எரிக்கலாம். 2014இல் வெளியான ஒரு சோதனையில் இருபது இளம்பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். சாப்பிட்டுச் செய்தவர்கள், வெறும் வயிற்றில் செய்தவர்கள் என்று இரண்டு குழுவும் எடை குறைந்தார்கள், குறைந்த அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இருபது பேர், நான்கு வாரம் என்பது சின்னச் சோதனைதான். ஆனாலும் ராத்திரிப் பட்டினியும் காலைப் பட்டினியுமாக ஓடுகிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

இன்னொன்று, விடிகாலையில் டிகிரி காபி குடித்துவிட்டு "வெறும் வயிற்றில்தான் நடக்கிறேன்" என்று சொல்கிறவர்கள் நிறைய பேர். இரண்டு கரண்டிச் சர்க்கரையும் கெட்டிப் பாலும் உள்ளே போனபிறகு அது வெறும் வயிறு இல்லை. அதில் தவறும் இல்லை. காஃபின் களைப்புத் தெரியாமல் செய்யும், கொஞ்சம் சர்க்கரையும் கிடைக்கும். அரைமணி நடைக்கு அது தாராளம்.

சரி, சளிக்கு வருவோம். உடம்பு கடுமையாக உழைக்கும்போது அதை ஓர் ஆபத்து மாதிரித்தான் எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. உழைப்பு நீண்டால் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் ஏறுகிறது. கார்ட்டிசால் இயல்பாகவே விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். இவை இரண்டும் கல்லீரலைத் தட்டி எழுப்பிச் சர்க்கரையை வெளியே அனுப்பச் சொல்கின்றன. அதே நேரத்தில் நோய் எதிர்ப்புப் படையையும் அசைக்கின்றன. ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு ஓய்வெடுக்கும் வெள்ளை அணுக்களை அட்ரினலின் பெயர்த்து ஓட்டத்தில் விடுகிறது. அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வகையின் எண்ணிக்கை ஏறி, பயிற்சி முடிந்தபின்னும் பல மணி நேரம் அப்படியே இருக்கும். லிம்போசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் பயிற்சியின்போது ஏறி, முடிந்ததும் முன்பிருந்த அளவுக்கும் கீழே இறங்கி, சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வரும்.

தசையும் சும்மா இருப்பதில்லை. இன்டர்லூகின்-6 என்ற பொருளை அது ரத்தத்தில் விடுகிறது. காய்ச்சலிலும் வீக்கத்திலும் ஏறுகிற பொருள் என்றே இதை முன்பு அறிந்திருந்தார்கள். உழைக்கும் தசையே இதைச் சுரக்கிறது என்பதைக் கோபன்ஹேகனில் பெண்டே பெடர்சனின் குழு எடுத்துக்காட்டியது. தசையின் கையிருப்பு குறையக் குறைய இதன் சுரப்பு கூடுகிறது. பத்தாயம் காலியாகிறது என்று தசை கல்லீரலுக்கு ஆள் அனுப்புகிற மாதிரி.

இங்கேதான் சாப்பாடு உள்ளே வருகிறது. இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓடுகிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள் நடுநடுவே சர்க்கரை கரைத்த பானம் குடித்தால் கார்ட்டிசாலும் இன்டர்லூகின்-6உம் அவ்வளவு ஏறுவதில்லை, நியூட்ரோஃபில் ஏற்றமும் மட்டுப்படுகிறது. அமெரிக்காவின் டேவிட் நீமன் குழு இதைப் பலமுறை அளந்து காட்டியிருக்கிறது. மாறாக, சில நாள் மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு நீண்ட நேரம் உழைத்தால் இந்த ஏற்றங்கள் எல்லாமே அதிகமாகின்றன. உழைப்புக்கு முந்திய சாப்பாட்டை எரிபொருள் என்று மட்டுமே நினைத்திருந்தேன். அது உடம்பின் பதற்றத்தையும் அடக்குகிறது என்பதுதான் நான் இதில் கற்ற பெரிய பாடம். ரத்தச் சர்க்கரை நிலையாக இருந்தால் அபாய மணி அடிக்க வேண்டிய அவசியம் உடம்புக்குக் குறைகிறது.

அப்படியானால் பதற்றம் கூடினால் சளி வருமா? 1982இல் கேப்டவுனில் நடந்த 56 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிந்திய இரண்டு வாரத்தில், ஓடியவர்களில் 33.3 விழுக்காட்டினர் சளி, தொண்டை வலி என்று சொன்னார்கள். ஓடாமல் அவர்களோடு அதே வீட்டில் இருந்தவர்களில் 15.3 விழுக்காடு. 1987 லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தானில் ஓடியவர்களில் 12.9 விழுக்காடு, பயிற்சி செய்தும் அன்று ஓடாதவர்களில் 2.2 விழுக்காடு. இவற்றை வைத்து, கடும் உழைப்புக்குப்பின் சில மணி நேரம் நோய்க்கு ஒரு சன்னல் திறந்து கிடக்கிறது என்ற கருத்து வேரூன்றியது.

2018இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கேம்பெல், ஜேம்ஸ் டர்னர் இருவரும் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். லிம்போசைட்டுகள் ரத்தத்தில் குறைவது அவை செத்துப்போவதால் இல்லை, நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போவதால் என்பது அவர்கள் வாதம். ஓட்டக்காரர்கள் சொன்ன சளியும் பெரும்பாலும் அவர்களே சொன்னது, பரிசோதனையில் உறுதி செய்தது இல்லை. தூக்கக் குறைவு, கூட்டம், பயணம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. சாப்பாடு ஹார்மோன்களையும் அணுக்களின் எண்ணிக்கையையும் மாற்றுகிறது என்பது உறுதி. அதனால் சளி பிடிப்பது குறைகிறது என்பதைச் சோதனைகள் இதுவரை தெளிவாக நிலைநாட்டவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற மிதமான பயிற்சியில் சாப்பிட்டவருக்கும் சாப்பிடாதவருக்கும் எதிர்ப்புச் சக்தியில் பெரிய வேறுபாடே இல்லை.

எங்கள் பையனுக்கு என்ன நடந்தது என்று இப்போது என்னால் ஓரளவு சொல்ல முடிகிறது. இரண்டு வேளைப் பட்டினி, ஒன்றரை மணி நேரக் கடும் பயிற்சி, சித்திரைப் புழுக்கம், நடு இரவுவரை விழித்துப் படித்தது என்று எல்லாமாகச் சேர்ந்து அவன் உடம்பைப் பதறவைத்தன. சளி அன்றைக்கு வீட்டில் இருமிக்கொண்டிருந்த தங்கையிடமிருந்துகூட வந்திருக்கலாம். தூக்கக் குறைவை நான் அதிகம் சந்தேகிக்கிறேன்.

கொஞ்சம் பதற்றம் நல்லதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். கையிருப்பு தாழ்ந்த நிலையில் செய்கிற பயிற்சி, செல்லுக்குள் சத்தை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களைக் கூட்டச் சொல்லித் தசைக்குக் கட்டளை அனுப்புகிறது. தசையின் இன்டர்லூகின்-6 தன் பின்னால் அழற்சியைத் தணிக்கும் பொருள்களையும் அழைத்துவருகிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வெறும் வயிற்றில் மெதுவாக அரைமணி நேரம் ஓடுவதை நான் தடுப்பதில்லை. வேகப் பயிற்சி இருக்கிற நாளில் தடுக்கிறேன்.

டெல்டாவின் புழுக்கத்தை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. இங்கே பங்குனியிலிருந்தே காற்றில் ஈரம் இருக்கும், வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. தோலுக்கும் தசைக்கும் ரத்தம் வேண்டியிருப்பதால் குடலுக்குப் போகும் ரத்தத்தை உடம்பு பிடித்தம் செய்கிறது. கடும் உழைப்பில் இது ஐந்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். ரத்தம் குறைந்த குடல் சுவரில் கசிவு ஏற்படுகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் நச்சுத் துணுக்குகள் ரத்தத்துக்குள் நுழைகின்றன. எதிர்ப்புப் படை அதைப் பார்த்துப் பாய்கிறது. வயிற்றுப் புரட்டல், வாந்தி, நடுக்கம் எல்லாம் இதன் பின்னால் வருபவை. உழைப்புக்கு முன்னும் நடுவிலும் கொஞ்சம் மாவுச்சத்தும் தண்ணீரும் போனால் குடலுக்கு ரத்தம் ஓரளவு திரும்பி, இந்தச் சேதம் குறைகிறது. எண்ணெயில் பொரித்ததைத் தின்றுவிட்டு ஓடினால் நிலைமை வேறு. கொழுப்பு வயிற்றை விட்டு நகர நெடுநேரம் ஆகும், விலாவில் பிடித்துக்கொள்ளும். வடுவூர் மாதிரிக் கபடி ஊறிப்போன ஊர்களில் ராத்திரி ஆட்டத்துக்கு வரும் பிள்ளைகள் ஒன்பது மணிக்குப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் களத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் வயிறே சொல்லிவிடும்.

பச்சை முட்டைக் கட்சிக்கு ஒரே ஒரு தகவல். 1998இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்ததில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் 91 விழுக்காடு செரித்தது, பச்சை முட்டையில் 51 விழுக்காடுதான். கொடுத்த காசில் பாதி வீண், கிருமித் தொற்றுக்கும் வாய்ப்பு. வேகவைத்துச் சாப்பிடுங்கள், அதையும் பயிற்சிக்குப் பிறகு.

எங்கள் வயல்களில் நடவுக்கு இறங்குகிற அக்காமார்கள் எந்த ஆய்வும் படித்தவர்கள் இல்லை. "பழையதக் கரைச்சுக் குடிச்சாத்தான் தம்பி குனிஞ்சு நிமிர முடியும், பசியோட சேத்துல நின்னா தலை சுத்தும்" என்று ஓர் அக்கா சொன்னார். அந்தத் தூக்குவாளிக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. தண்ணீர், மாவுச்சத்து, உப்பு, கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒரு லிட்டர் வேர்வையில் ஏறக்குறைய 1 கிராம் சோடியம் போகிறது. அதில் ஒரு பகுதியை உப்புப் போட்ட நீராகாரம் முன்கூட்டியே தருகிறது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுவதால் சர்க்கரை கொஞ்சம் நிதானமாக ஏறுகிறது. இரவெல்லாம் புளித்ததில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகியிருக்கும். இதையெல்லாம் மனதாரச் சொல்வேன். ஆனால் பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு ஆகிவிடும் என்று சுற்றி வருகிற தகவலை நம்ப வேண்டாம். புளிப்பதால் இரும்பு புதிதாகப் பிறக்காது. தானியத்தில் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் குறைவதால், இருக்கிறது கொஞ்சம் கூடுதலாகச் சேரலாம், அவ்வளவுதான்.

மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதே கதை. இளவட்டக்கல்லைத் தூக்க வேண்டிய மாப்பிள்ளைக்குக் கொடுத்த அரிசி என்று சொல்வார்கள். திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் போன்றவர்கள் அந்த நெல்லை மீட்டெடுத்ததற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நார்ச்சத்து மிகுந்த நல்ல அரிசிதான். ஆனால் கல்லைத் தூக்கும் பலம் மாதக்கணக்கில் சாப்பிட்டு உழைத்ததில் வந்தது. அன்றைக்குக் காலையில் தின்ற ஒரு வட்டில் சோறு அந்தப் பலத்தைத் தராது. நார்ச்சத்து கூடிய சோறு ஓட்டத்துக்கு முன் வயிற்றில் கனமாக நிற்கும் என்பதால், அதை மதியத்துக்கு வைத்துக்கொள்வதே மேல்.

அதிராம்பட்டினம் பக்கத்துக் கால்பந்துப் பிள்ளைகள் ரமலானில் என்னிடம் கேட்பது இதன் மறுபக்கம். நோன்பு நாளின் சாயங்காலத்தில் சர்க்கரையைவிடத் தண்ணீர்க் குறைவுதான் பெரிய ஆபத்து. கடுமையான பயிற்சியை நோன்புக் கஞ்சி குடித்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த விஷயம் தனி. 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. காலை நடைக்கு வருகிறவர்களில் இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருந்தை எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். உழைக்கும் தசை இன்சுலின் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், மருந்தும் அதே வேலையைச் செய்யும். இவர்களுக்குச் சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் நடப்பது நல்ல வழி. மருந்தையும் நடையையும் எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது என்று மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுவது கட்டாயம். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

இப்போது எங்கள் மைதானத்தில் வழக்கம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டை யாரும் விடக்கூடாது என்பது முதல் விதி. நாலே முக்காலுக்கு ஒரு பூவன் பழம், இல்லையென்றால் ஒரு டம்ளர் உப்புப் போட்ட நீராகாரம். நீண்ட பயிற்சிக்கான பொது அளவு, ஒரு மணி முதல் நான்கு மணி நேரத்துக்கு முன் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்து. ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் 60 கிலோ பையனுக்கு 60 கிராம்: நாலைந்து இட்லியும் ஒரு பழமும். விடிகாலையில் அவ்வளவு இறங்காதவர்கள் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைப் பயிற்சி முடிந்ததும் சாப்பிடுகிறார்கள்.

தேர்வு நாள்தான் இன்னும் சிக்கலாக இருக்கிறது. காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றவனுக்கு ஓடும் முறை பத்து மணிக்கும் வரலாம். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாததால் பிள்ளைகள் ஒன்றுமே சாப்பிடாமல் வெயிலில் நிற்கிறார்கள். இந்த முறை போகிறவர்களிடம், நாலரை மணிக்கே இட்லி சாப்பிட்டுவிட்டு, பையில் மூன்று பழமும் உப்பும் சர்க்கரையும் கரைத்த ஒரு லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். முக்கால் மணிக்கு ஒருதரம் இரண்டு மடக்கு, ஒன்றரை மணிக்கு ஒருதரம் பாதிப் பழம், பேரைக் கூப்பிட்டபின் எதுவும் இல்லை. சித்திரையில் விழுந்த அந்தப் பையனும் போகிறான். போன வாரம் 1500 மீட்டரை 6 நிமிடம் 20 விநாடியில் முடித்தான், காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தான்.